நீல உதடுகள், ஆறு பாட்டு: ரீஷ்மானின் ஒரே இசைத்தட்டு

உறையில் ஒரு முகம். சுண்ணாம்பு பூசியது போல வெளிறிய தோல், நீல உதடுகள், உறைபனி படிந்து நிற்கும் தலைமுடி. பெயர் 'வுண்டர்பார்'. ஜெர்மன் மொழியில் 'அற்புதம்' என்று பொருள். இந்த எல்.பி.யின் மறுவெளியீட்டை முதல் முறை கையில் எடுத்தபோது, உள்ளே இருப்பதும் அதே குளிர்தான் என்று நினைத்தேன். எந்திரக் குரல், இரும்புத் தாளம், உணர்ச்சியே இல்லாத மெட்டு.

முள்ளை இறக்கிய கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. வந்தது ஒரு மலர்ந்த மெட்டு. சின்தசைசர் என்ற மின்னணுக் கட்டைக் கருவியில் வாசித்ததுதான், ஆனால் காலையில் சைக்கிளில் போகிறவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது போல அவ்வளவு லேசாக இருந்தது. ஒரு தடவை கேட்டால் போதும், நாள் முழுக்க வாயில் நிற்கும். இப்படி ஒரு தட்டு முப்பது வருடமாக எங்கே கிடந்தது என்ற கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

வொல்ஃப்காங் ரீஷ்மான் என்ற ஜெர்மன் இசைக்கலைஞர் தன் பெயரில் செய்த இசைத்தட்டு இது ஒன்றுதான். 1978இல் ஸ்கை ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 2009இல் ஹாம்பர்க் நகரத்தின் பியூரோ பி நிறுவனம் மறுபடி அச்சிட்டது. இடைப்பட்ட காலத்தில் இதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பழைய தட்டு சேகரிப்பவர்கள்தான். கேட்கக் கஷ்டமான இசை என்பதால் மக்கள் ஒதுக்கினார்கள் என்று சொல்லவே முடியாது. காரணம் வேறு. அதற்கு முதலில் அவர் வாழ்ந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் டியூசல்டார்ஃப், வியாபாரமும் விளம்பர நிறுவனங்களும் கலைக் கல்லூரியும் சேர்ந்த பணக்கார நகரம். 1960களின் நடுவில் அங்கே பள்ளி வயதுப் பையன்கள் இங்கிலாந்து இசைக்குழுக்களின் பாட்டுகளை வாசித்துத் திரிந்தார்கள். 'ஸ்பிரிட்ஸ் ஆஃப் சவுண்ட்' அப்படி ஒரு குழு. அதில் ரீஷ்மான் இருந்தார். கிடாரில் மிஹாயேல் ரோட்டர். பின்னால் வந்து டிரம்ஸில் உட்கார்ந்தவர் வொல்ஃப்காங் ஃப்ளூர். ஜெர்மன் மின்னணு இசையின் கதையைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ரோட்டர் 1971இல் கொஞ்ச காலம் மின்னணு இசையின் முன்னோடிகளான கிராஃப்ட்வெர்க் குழுவில் வாசித்துவிட்டு, க்ளவுஸ் டிங்கரோடு சேர்ந்து 'நொய்!' குழுவைத் தொடங்கினார். ஃப்ளூர் 1973இல் கிராஃப்ட்வெர்க்கில் சேர்ந்து, உலகம் முழுக்கத் தெரிந்த அந்த நான்கு பேரில் ஒருவரானார். அந்தச் சின்ன ஊர்க் குழுவிலிருந்து புகழ் வராமல் போனது ரீஷ்மானுக்குத்தான்.

(ரோட்டர் சிறுவயதில் சில வருடங்கள் கராச்சியில் வாழ்ந்தவர். தெருவில் கேட்ட இசை முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போன விதம் தன்னை ஈர்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'நொய்!' பாட்டுகளில் ஒரே தாளம் பத்து நிமிடம் நேராக ஓடும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.)

ரீஷ்மான் வேறு குழுக்களில் வாசித்துவிட்டு, ஸ்ட்ரீட்மார்க் என்ற டியூசல்டார்ஃப் ராக் குழுவில் சேர்ந்தார். அவர்களுடைய 'ஐலீன்' தொகுப்பு 1977இல் ஸ்கை ரெக்கார்ட்ஸில் வந்தது. அதில் பாடவும் செய்தார், கீபோர்டும் வாசித்தார். அந்தக் குழுவுக்குள் இருந்தபடியே தனக்கென ஒரு தட்டு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அந்த வாய்ப்பு தற்செயலாக வந்ததில்லை. ஸ்கை ரெக்கார்ட்ஸை 1975இல் ஹாம்பர்க்கில் தொடங்கியவர் குந்தர் கோர்பர். அதற்கு முன் பிரெய்ன் என்ற முக்கியமான இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். புது நிறுவனத்தில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒருவர் இருவர் சேர்ந்து, பெரிய செலவில்லாமல் செய்யும் மின்னணு இசைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1977இல் அந்தக் கணக்கு பலித்தது. ரோட்டரின் முதல் தனித் தொகுப்பை, கான் என்ற ஜெர்மன் ராக் குழுவின் யாக்கி லீபெத்சைட் டிரம்ஸ் வாசிக்க, கோனி ப்ளாங்க் ஒலிப்பதிவு செய்ய, ஸ்கை வெளியிட்டது. வார்த்தையே இல்லாத அந்தக் கிடார் இசை ஜெர்மனியில் நன்றாக விற்றது. அதே வருடம் க்ளஸ்டர் என்ற மின்னணு இசை இரட்டையரும் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் சேர்ந்து செய்த தட்டும் அங்கேதான் வந்தது. இந்த இரண்டும் வந்த மறு வருடம்தான் ரீஷ்மானின் முறை.

1978 எப்படிப்பட்ட வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். மியூனிக்கில் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜோ மொரோடர் முந்தைய வருடமே பாடகி டோனா சம்மரின் குரலுக்குப் பின்னால் முழுக்க சின்தசைசரை ஓடவிட்டு உலகத்தை ஆட வைத்துவிட்டார். மே மாதம் கிராஃப்ட்வெர்க்கின் 'டி மென்ஷ் மஷீனெ' (மனித எந்திரம்) தொகுப்பு வந்தது. சிவப்புச் சட்டை, கறுப்பு டை, 'நாங்கள் ரோபோக்கள்'. ஜூனில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹியூமன் லீக் குழு தன் முதல் சிங்கிளை, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டை, வெளியிட்டது. மறு வருடம் பாடகர் கேரி நியூமன் சின்தசைசரோடு பிரிட்டனில் முதலிடத்தில் உட்கார்ந்தார். பின்னால் சின்த்பாப் என்று பெயர் பெற்ற இசை இந்தச் சில மாதங்களில்தான் தன் முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அது தேர்ந்தெடுத்தது ரோபோவின் முகம். குளிர்ச்சி, தூரம், அசையாத கண்கள். இன்றைக்கும் சின்த்பாப் என்றதும் நம் மனதில் வருவது அதுதான்.

அதே வாசலில் நின்றுகொண்டு ரீஷ்மான் வேறு பக்கம் நடந்தார் என்பதுதான் என் வாதம். உறையில் அவரும் உறைந்த முகத்தைத்தான் வைத்தார். இசையில் வைக்கவில்லை.

எப்படி என்று பார்க்கலாம். அன்றைய சின்தசைசர்களில் பிரபலமான மினிமூக் போன்றவை ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் தரும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். நாலு சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் நாலு தடவை வாசித்து, டேப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். சீக்வென்சர் இன்னொரு கருவி. 8 அல்லது 16 படிகளில் சுரங்களை அடுக்கிவிட்டால், அதே வரிசையை அலுக்காமல் திருப்பித் திருப்பி வாசிக்கும். இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் சேர்ந்துதான் அந்தக் கால மின்னணு இசைக்கு ஒரு வடிவம் கொடுத்தன. அடியில் மாறாத ஒரு சுழற்சி, மேலே ஒற்றை மெட்டு. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதி ஊதுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் அந்நியமாகப் படாது.

பலர் அந்தச் சுழற்சியையே முன்னால் நிறுத்தினார்கள். எந்திரம் ஓடுகிற உணர்வுதான் அவர்களுக்கு வேண்டும். ரீஷ்மான் சுழற்சியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மெட்டுக்கு இடம் விட்டார். மெட்டில் சுரங்கள் குறைவு, இடைவெளி அதிகம். பிறகு, தாளத்தை முழுக்க எந்திரத்திடம் விடாமல் ஸ்ட்ரீட்மார்க்கின் டிரம்மர் ஹான்ஸ் ஷ்வைஸைக் கூப்பிட்டார். மற்றது பெரும்பாலும் அவரே வாசித்தது. மனிதக் கை அடிக்கும் தாளம் சீக்வென்சரோடு இம்மி பிசகாமல் ஒட்டாது. மயிரிழை முன்னே பின்னே இருக்கும். தட்டு முழுக்க மூச்சு விடுவது போலத் தோன்றுவதற்கு அந்த மயிரிழைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆறு பாட்டு. பாட்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன், வரிகளை நம்பி நிற்கும் இசை இல்லை இது. முதல் பக்கத்தில் 'வுண்டர்பார்', 'ஆபண்ட்லிஷ்ட்', 'வெல்ட்வைட்'. இரண்டாம் பக்கத்தில் 'சில்பர்லாண்ட்', 'ஹிம்மல்பிளாவ்', 'டிராம்சைட்'. அற்புதம், அந்திவெளிச்சம், உலகெங்கும், வெள்ளிநாடு, வானநீலம், கனவுநேரம். தலைப்பைத் தவிர ஒவ்வொன்றும் இரண்டு சொல் ஒட்டிச் சேர்ந்த ஒற்றைச் சொல். நம் மொழியைப் போலவே ஜெர்மனும் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு காட்சியை உண்டாக்கிவிடும். இந்தப் பெயர்களில் தொழிற்சாலையோ கணினியோ ரோபோவோ இல்லை. வெளிச்சம் இருக்கிறது, வானம் இருக்கிறது. கிராஃப்ட்வெர்க் நெடுஞ்சாலை, ரயில், அணுக்கதிர் என்று போன அதே வருடங்களில், அதே ஊர்க்காரர் ஒருவர் அதே கருவிகளை வைத்து அந்திவெளிச்சத்தை வரையப் போனார்.

'சில்பர்லாண்ட்' எனக்கு இந்தத் தட்டின் நடுமையம். சீராக ஓடும் துடிப்பு, அதன் மேல் மெல்ல விரியும் சின்தசைசர். ரயில் ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பது போன்ற இசை. 'ஹிம்மல்பிளாவ்' அதைவிட நிதானம். கடைசியில் வரும் 'டிராம்சைட்' தாளத்தை விட்டுவிட்டு மிதக்கிறது. இதைச் சோதனை இசை என்று வகைப்படுத்துகிறார்கள். சரிதான், அன்றைய பாப் இசையின் எந்தக் கட்டமைப்புக்குள்ளும் இது அடங்காது. ஆனால் சோதனை செய்கிறோம் என்ற பெருமிதம் எங்கேயும் தலைகாட்டவில்லை. யாரும் உட்கார்ந்து ரசிக்கலாம்.

1978 ஆகஸ்டில், தட்டு கடைக்கு வருவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, ரீஷ்மான் டியூசல்டார்ஃபில் கத்தியால் குத்தப்பட்டார். முன்பகை ஏதும் இல்லாத தாக்குதல். காயத்திலிருந்து அவர் மீளவில்லை. முப்பதை ஒட்டிய வயது. தன் தட்டு கடையில் தொங்குவதை அவர் பார்க்கவே இல்லை.

உறையில் இருக்கும் வெளிறிய முகத்தை வைத்து, சாவை முன்கூட்டியே சொன்ன படம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அது ஒப்பனை. ஆண்கள் முகத்துக்குச் சாயம் பூசி உறையில் நிற்பது அந்தப் பத்தாண்டின் வழக்கம். ஸ்கை ரெக்கார்ட்ஸிலேயே 1980இல் வந்த ஹரால்ட் குரோஸ்கோஃபின் தட்டில் அவர் முகம் முழுக்க வெள்ளி நிறத்தில் இருக்கும். ரீஷ்மான் ஒரு புது வாழ்க்கையின் தொடக்கத்துக்காக அந்தப் படத்துக்கு நின்றார். அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

தட்டு காணாமல் போனதற்கு முதல் காரணம் இங்கே இருக்கிறது. இசைத்தட்டு தானாக ஊர் சுற்றாது. அதைச் செய்தவர் மேடை ஏற வேண்டும், வானொலியில் பேச வேண்டும், இரண்டாவது தட்டு போட வேண்டும். இரண்டாவதைக் கேட்டவர்தான் முதலாவதைத் தேடி வருவார். ரோட்டருக்கு அது நடந்தது. ரீஷ்மானின் தட்டுக்குப் பக்கத்தில் நிற்க ஆளே இல்லை. ஒரு சின்ன நிறுவனம், விளம்பரத்துக்குப் பெரிய பணம் கிடையாது, தொடர்ச்சி கிடையாது.

இரண்டாவது காரணம் காலம். அந்த நேரத்திலேயே டியூசல்டார்ஃபின் ராட்டிங்கர் ஹோஃப் மதுக்கடையில் பங்க் பையன்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வட்டத்திலிருந்து டி.ஏ.எஃப்., டெர் பிளான் போன்ற குழுக்கள் கிளம்பின. சின்தசைசர் அவர்கள் கையிலும் இருந்தது, ஆனால் வெடுக்கென்று, கரடுமுரடாக, ஜெர்மன் வார்த்தைகளைக் கத்தியபடி. 1980களின் தொடக்கத்தில் 'நொய டொய்ச்ச வெல்ல', அதாவது புது ஜெர்மன் அலை, நாட்டையே பிடித்துக்கொண்டது. வார்த்தையில்லாத, கனவு போன்ற 1978இன் இசை இரண்டே வருடத்தில் போன தலைமுறையின் சொத்தாகிவிட்டது.

அப்புறம் எப்படித் திரும்பி வந்தது? மறுவெளியீடு என்பது பழைய தட்டை எடுத்து நகல் போடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முதல் வேலை காகித வேலை. ஒலிப்பதிவின் உரிமை ஐரோப்பாவில் அப்போது 50 ஆண்டு இருந்தது, 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை 70 ஆக நீட்டியது. ஆகவே 1970களின் எந்தத் தட்டாக இருந்தாலும் உரிமை வைத்திருப்பவரைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் போட வேண்டும். இது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு 'நொய்!' குழுவே சாட்சி. ரோட்டரும் டிங்கரும் ஒத்துப்போகாததால் அவர்களுடைய தட்டுகள் பல வருடம் முறையாகச் சந்தையில் இல்லாமல், திருட்டுப் பதிப்புகளாகவே உலவின. 2001இல்தான் குரோன்லாண்ட் நிறுவனம் முறையான மறுபதிப்பைக் கொண்டுவந்தது.

பியூரோ பி செய்த நல்ல காரியம், ஒரு தட்டோடு நிற்காததுதான். டபேட்டே ரெக்கார்ட்ஸின் கிளையாக இருந்துகொண்டு, ஸ்கை ரெக்கார்ட்ஸின் பழைய பட்டியலில் வரிசையாக இறங்கினார்கள். க்ளஸ்டர், ரோடேலியுஸ், மோபியுஸ், ஆஸ்முஸ் டீட்ஷன்ஸ் என்று ஒரு முழுத் தெருவே மறுபடி விளக்கேற்றிக்கொண்டது. அந்தத் தெருவில் நடந்து வருகிறவர் கண்ணில் ரீஷ்மானின் வீடும் பட்டது. உயிரோடு இருந்திருந்தால் அவரே செய்திருக்கக்கூடிய அறிமுக வேலையை இந்த வரிசை அவருக்காகச் செய்தது.

காகிதம் முடிந்தபின் டேப். பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்த காந்த நாடாக்களில் சில, ஈரத்தை உறிஞ்சி ஒட்டத் தொடங்கியிருக்கும். அவற்றைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி எடுத்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒலியை மாற்றிக்கொள்வார்கள். அதன் பிறகு வெட்டு. அரக்கு பூசிய வட்டத் தகட்டில் ஒரு ஊசி, ஒலியின் அசைவை அப்படியே பள்ளமாகக் கீறிக்கொண்டு உள்நோக்கிப் போகும். அந்தத் தகட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான வினைலை அழுத்தினால் நம் கைக்கு வரும் தட்டு.

இந்த வெட்டில் ஒரு பௌதிகம் இருக்கிறது. 33⅓ வேகத்தில் சுற்றும் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில், முள்ளுக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்வட்டத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும். நுணுக்கமான, கூர்மையான ஒலிகள் உள்ளே போகப் போக மங்கும், சில நேரம் கரகரக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பளிச்சென்ற பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியானதைக் கடைசியிலும் வைக்கும் பழக்கம் இருந்தது. இப்போது ரீஷ்மானின் வரிசையைப் பாருங்கள். 'வுண்டர்பார்' முதல் பக்கத்தின் வெளிவட்டம். தாளமே இல்லாமல் மிதக்கும் 'டிராம்சைட்' இரண்டாம் பக்கத்தின் உள்வட்டம். மனதில் திட்டமிட்டாரோ, பழக்கத்தில் செய்தாரோ, இந்த இசை தட்டின் உடம்புக்குப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. கோப்பாகக் கேட்கும்போது இது ஆறு துண்டு. தட்டில் கேட்கும்போது பகலிலிருந்து இரவுக்குப் போகும் ஒரே பயணம். நடுவில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடும் அந்த அரை நிமிடம்தான் சாயங்காலம்.

மறுவெளியீடு எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2022இல் வினைல் தட்டுகள் எண்ணிக்கையிலும் சிடியை முந்தின. 1987க்குப் பிறகு முதல் தடவை. பணம் வருகிற இடத்தில் அவசரமும் வரும். சிடிக்காகச் சத்தம் ஏற்றிய கோப்பை அப்படியே வினைலில் வெட்டி, கனமான 180 கிராம் தட்டு என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். தட்டின் எடை ஒலியின் தரத்துக்குச் சான்று ஆகாது. யார் ஒலியைத் தயார் செய்தார்கள், எதிலிருந்து எடுத்தார்கள் என்று உறையில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எழுத மனமில்லாதவரின் தட்டை வாங்க எனக்கும் மனம் வருவதில்லை.

ரீஷ்மானைப் பிடித்துப்போனவர்கள் அடுத்து தேட வேண்டியது ஸ்ட்ரீட்மார்க்கில் அவரோடு கீபோர்டு வாசித்த டொரொத்தெயா ரௌக்கெஸின் தட்டு. 'டொய்ச்ச வெர்ட்ஆர்பைட்' என்ற பெயரில் 1981இல் ஸ்கையில் வெளியிட்டார். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த அந்த உலகத்தில், ஒரு பெண் தனியாக அமர்ந்து செய்த சின்தசைசர் தட்டு. அதையும் பியூரோ பி மறுபடி கொண்டுவந்திருக்கிறது.

'வுண்டர்பார்' தட்டை முதல் தடவை கேட்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள். தலைப்புப் பாட்டு எப்படியும் உங்களைப் பிடித்துக்கொள்ளும், அது காத்திருக்கட்டும். 'சில்பர்லாண்ட்' ஓடும்போது உறையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அந்த முகத்தைப் பார்க்காமல் கேட்டபோதுதான் எனக்கு ஷ்வைஸின் கை முதலில் கேட்டது, சீக்வென்சருக்கு ஒரு மயிரிழை பின்னால்.